நிலை 6 மில்லி சாய்ந்திருக்கிறது, பூஜையும் போட்டாச்சு. என்ன செய்யலாம்?

கேள்வி:
தேனி பக்கம் வீடு கட்டுகிறோம். போன வெள்ளிக்கிழமை தலைவாசல் நிலை வைத்துப் பூஜை போட்டோம். தேக்கு, ஏழடி. அன்றைய கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேற்று சாயந்திரம் வேலையாட்கள் போனபிறகு எதிரே செங்கல் மேல் உட்கார்ந்திருந்தேன். நிலை வீட்டுக்குள் குனிகிற மாதிரி கண்ணை உறுத்தியது. மேலே ஒரு குச்சியை நீட்டிவைத்து, நூலில் நட்டு கட்டி உள்பக்கமாகத் தொங்கவிட்டேன். மேலே நூலுக்கும் மரத்துக்கும் 40 மில்லி, அடியில் 46. இரண்டு காலிலும் அதேதான். மேஸ்திரி, "பூச்சுல சரி பண்ணிக்கலாம்மா" என்கிறார். அம்மாவோ பூஜை போட்ட நிலையை அசைக்கவே கூடாது என்கிறார். சுவர் மூன்றடி ஏறிவிட்டது. 6 மில்லிக்காக நான் பிடிவாதம் பிடிக்கலாமா?

பதில் 1:
பிடியுங்கள் சகோதரி. நான் தச்சு வேலை செய்கிறவன். பூச்சு சுவரைத்தான் மூடும், மரத்தை நிமிர்த்தாது. உங்கள் நிலையின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது. கதவும் உள்ளே திறப்பதுதானே? அப்படியானால் தாழ் போடாவிட்டால் தானாகத் திறந்துகொண்டே இருக்கும். பிறகு கீலுக்கு அடியில் தகடு கொடுத்து ஓரளவு சமாளிக்கலாம், ஆனால் தேக்குக் கதவின் கனத்துக்கு அது நிற்காது.

பதில் 2:
எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எட்டு வருஷமாகக் கதவுக்குக் கல் முட்டு.

பதில் 3:
இப்போதே செய்தால் அரை நாள் வேலை, அம்மா. மூன்றடிச் சுவர் என்றால் நிலையைச் சுவரோடு பிடிக்கிற இரும்புப் பட்டைகளில் (ஹோல்ட்ஃபாஸ்ட்) அடியில் இருப்பது மட்டும்தான் செங்கல் கட்டுக்குள் மாட்டியிருக்கும். அதைச் சுற்றி நாலைந்து செங்கல்லைப் பிரித்து, முட்டுக்கம்பைத் தளர்த்தி, தலையை மட்டும் வெளியே தள்ளச் சொல்லுங்கள். நிலையை எடுக்கப்போவதில்லை, அடியில் போட்ட காசும் நவதானியமும் அப்படியே இருக்கும். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். தூக்குக்குண்டை முன்முகத்தில் மட்டும் பார்க்காமல் பக்கமுகத்திலும் பாருங்கள். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, மூலைக்கு மூலை இரண்டு நூல் குறுக்கே கட்டுங்கள். நடுவில் நூலும் நூலும் லேசாக உரசினால் சரி.

கேள்வி கேட்டவர்:
இன்று காலை செய்தாயிற்று, ஐயா. அம்மா சூடம் காட்டிவிட்டுச் சரி என்றார். மேஸ்திரி முதலில் முகம் கொடுக்கவில்லை, அளவைப் பார்த்தபிறகு அவரே முட்டுக்கம்பைத் தளர்த்தினார். மேலே 40, கீழே 40. குறுக்கு நூல் உரசுகிறது. நாளைக்குப் பின்வாசல் நிலை. செங்கல் தொடும் முன்பே நூலோடு போய் நிற்பேன்.