ஹாஃப்-பிளட் பிரின்ஸ்: கோபுரக் காட்சியில் ஹாரி ஏன் அசையாமல் நிற்கிறான்?

கேள்வி

ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாவது படமான ‘ஹாஃப்-பிளட் பிரின்ஸ்’ படத்தை, நாவலை மறுபடியும் படித்து முடித்த கையோடு பார்த்தேன். 2009இல் படம் வெளிவந்தபோது உறுத்தாத ஓர் இடம் இப்போது கடுமையாக உறுத்துகிறது. நாவலில், பள்ளியின் வானியல் கோபுரத்தின் உச்சிக்கு, தலைமையாசிரியர் டம்பிள்டோரைக் கொல்லப் பணிக்கப்பட்ட மாணவன் டிராகோ வந்து சேரும் நொடியில், அவர் தம்மைக் காத்துக்கொள்ள முயலாமல், மாயப் போர்வைக்குள் இருக்கும் ஹாரியை மந்திரத்தால் அசைவற்றுப் போகச் செய்கிறார். அந்த நொடியை அவனுக்காகச் செலவிட்டதால்தான் அவருடைய மந்திரக்கோல் பறிபோகிறது. படத்திலோ ஹாரியைக் கட்டிவைக்கும் மந்திரம் எதுவும் இல்லை. கீழ்த்தளத்தில் மறைந்து நிற்கும்படி அவர் சொல்கிறார். தன் ஆசிரியர் கொல்லப்படும்வரை அவன் நின்றுகொண்டே இருக்கிறான்.

போதாக்குறைக்கு, அன்றிரவு பள்ளிக்குள் நடக்கும் சண்டையும், பிறகு ஏரிக்கரையில் நடக்கும் இறுதிச் சடங்கும் படத்தில் இல்லவே இல்லை. தீமை மெல்ல மெல்ல நெருங்கி வருவதைச் சொல்லும் கதையில், அது பள்ளிக்குள்ளேயே புகுந்துவிடும் இரவை இவ்வளவு அடக்கமாகக் காட்டியதற்குத் திரைக்கதை சார்ந்த காரணம் உண்டா? நாவலையும் படத்தையும் நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பதில் 1

காரணம் உண்டு என்றே நான் நம்புகிறேன். அதைக் கோபுரத்தில் தேடாமல், அதற்குச் சற்று முன்னர் வரும் குகைப் பயணத்தில் தேட வேண்டும். ஒளிந்துகொள் என்றால் ஒளிந்துகொள்ள வேண்டும், ஓடு என்றால் ஓட வேண்டும், என்னைக் கைவிடு என்றால் கைவிட வேண்டும் என்று டம்பிள்டோர் புறப்படும் முன்பே ஹாரியிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறார். குகைக்குள் ஒளித்துவைக்கப்பட்ட பொருளை எடுக்க டம்பிள்டோர் குடித்தாக வேண்டிய நஞ்சை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, அவன் தன் கையாலேயே புகட்ட வேண்டியிருக்கிறது. அன்பு கொண்டவருக்குக் கீழ்ப்படிவதே அவரைத் துன்புறுத்துவதாக மாறும் கொடுமையை அவன் அங்கே அனுபவித்துவிடுகிறான். கோபுரத்தில் அவன் நிற்பது அந்தக் கீழ்ப்படிதலின் தொடர்ச்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹாரி மந்திரக்கோலை மேல்நோக்கி நீட்டியபடிதான் நிற்கிறான். அப்போது கீழிருந்து வரும் ஆசிரியர் ஸ்னேப், உதட்டின் மேல் விரலை வைத்து அவனை அமைதியாக இருக்கச் சொல்கிறார். ஆறு ஆண்டுகளாகச் சந்தேகித்துவந்த மனிதரை ஹாரி அந்த ஒரு கணத்தில் நம்புகிறான். நாவலில் அவனைத் தடுத்தது ஒரு மந்திரம். படத்தில் அவனைத் தடுத்தது அவனுடைய நம்பிக்கை. அதனால்தான் அடுத்து ஸ்னேப் டம்பிள்டோர்மேல் ஏவும் கொலை மந்திரம், நாவலில் இல்லாத ஒரு குற்ற உணர்ச்சியையும் அவன்மேல் சுமத்துகிறது. ஆலன் ரிக்மன் அந்தச் சைகையை எந்த மிகையும் இல்லாமல் செய்திருப்பதால், முதல்முறை பார்ப்பவர்களும் ஹாரியுடன் சேர்ந்து ஏமாறுகிறார்கள்.

பதில் 2

முதல் பதிலை எழுதிய நண்பரின் விளக்கம் அழகானது. ஆனால் என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. முந்தைய படத்தில், தன் ஞானத்தந்தை சிரியஸுக்கு ஆபத்து என்று கனவில் கண்டதை நம்பி, யார் தடுத்தும் கேளாமல் லண்டனுக்குப் பறந்து போனவன் ஹாரி. அப்படிப்பட்டவன், நிராயுதபாணியாக நிற்கும் தன் ஆசிரியரைச் சுற்றி வோல்டமார்ட்டின் அடியாட்களான டெத் ஈட்டர்கள் கூடிய பிறகும் வாக்கைக் காத்து நின்றான் என்பதை வெறும் குகைக் காட்சியைக் கொண்டு நியாயப்படுத்துவது கடினம்.

சண்டையை நீக்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கதையின் முடிவில் அதே பள்ளியில் பெரும் போர் வருவதால், அதையொத்த ஒன்றை இங்கேயும் காட்டினால் இரண்டுமே வலுவிழந்திருக்கும். ஆனால் அப்படிச் சிக்கனம் பார்த்தவர்கள், நாவலில் இல்லாத ஒரு தாக்குதலை ஹாரியின் நண்பன் ரானின் வீஸ்லி குடும்பத்தின் வீட்டின்மேல் நடத்தி, அதைத் தீக்கிரையாக்கியது எதற்காக? அடுத்த படத்தில் அதே வீட்டின் முற்றத்தில், எதுவுமே நடவாதது போலத் திருமணம் நடக்கிறது.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய இழப்பு வேறு. பின்னாளில் வோல்டமார்ட்டாக மாறும் டாம் ரிடிலின் கடந்த காலம் நாவலின் முதுகெலும்பு. அவனுடைய தாய் மெரோப்பியின் வறுமையும், அவள் பிறந்த கான்ட் குடும்பத்தின் சிதைவும், மூதாட்டி ஹெப்சிபாவை அவன் ஏமாற்றிய விதமும் படத்தில் இல்லை. அநாதை இல்லத்தில் டம்பிள்டோருடனான சந்திப்பும் ஆசிரியர் ஸ்லக்ஹார்னுடனான உரையாடலும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. தீமை எங்கிருந்து முளைத்தது என்பதை விட்டுவிட்டு அதன் நிழலை மட்டும் படம் காட்டுகிறது.

பதில் 3

ரிடிலைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அங்கே குறைத்ததைப் படம் டிராகோவிடம் கூட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாவல் பெரும்பாலும் ஹாரியின் கண் வழியே நகர்வதால், டிராகோ தனியாக என்ன செய்கிறான் என்பது நமக்கு ஏறக்குறைய கடைசிவரை மறைந்தே இருக்கிறது. படம் அவனை, டெத் ஈட்டர்களைப் பள்ளிக்குள் கொண்டுவர அவன் பழுதுபார்க்கும் மறையும் அலமாரியின் முன் தனியே நிற்கவைக்கிறது. முதலில் ஓர் ஆப்பிளை உள்ளே வைக்கிறான். பின்னர் உயிருள்ள ஒரு பறவையை வைக்கிறான். அது செத்துத் திரும்புகிறது. அதைக் கண்டு அவன் அழும்போது, கொலை செய்யப் பணிக்கப்பட்ட பதினாறு வயதுப் பையனின் அச்சம் வசனமே இல்லாமல் விளங்கிவிடுகிறது. டிராகோவாக நடித்த டாம் ஃபெல்டனுக்கு இந்தத் தொடரில் கிடைத்த மிகச் சிறந்த வாய்ப்பு இதுவே.

இயக்குநர் டேவிட் யேட்ஸும் ஒளிப்பதிவாளர் புரூனோ டெல்போனெலும் இருளைக் கையாண்ட முறையும் இதற்குப் பொருத்தமானது. பள்ளியின் கூடங்களும் நடைவழிகளும் பச்சையும் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் வெளிறிக் கிடக்கின்றன. முகங்களில்கூட இரத்த ஓட்டம் குறைந்ததைப் போலிருக்கிறது. இந்தத் தொடரின் எட்டுப் படங்களில் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது இது ஒன்றே. முந்தைய இரண்டு படங்களுக்கும் அமெரிக்கத் தணிக்கையில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் கூடுதல் எச்சரிக்கை தரும் பிஜி-13 சான்றிதழ் கிடைத்தது. அவற்றைவிட மனத்தை அதிகம் கனக்கச் செய்யும் இந்தப் படத்துக்கோ அதைவிட மென்மையான பிஜி சான்றிதழ்தான். அச்சுறுத்தும் காட்சிகளைக் குவிக்காமலே இருளை உணர்த்த முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஸ்டீவ் குளோவ்ஸின் திரைக்கதையில் வரும் மீன் கதையையும் மறந்துவிடக் கூடாது. ஹாரியின் தாய் லில்லி கொடுத்துச் சென்ற கிண்ணத்தில் மிதந்த இதழொன்று நீரில் அமிழ்ந்து மீனாக மாறியதையும், அவள் இறந்த நாளில் அந்தக் கிண்ணம் வெறுமையாகிவிட்டதையும் ஸ்லக்ஹார்ன் சொல்கிறாரே, அது நாவலில் இல்லாதது. ஜிம் பிராட்பென்ட் அதைச் சொல்லும் விதத்தில், ரிடிலுடன் பேசியதைப் பற்றி மறைத்துவைத்த நினைவைத் தர அவர் ஏன் இத்தனை காலம் வெட்கப்பட்டார் என்பது நமக்குப் புரிகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஸ்னேப்பின் சைகையை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை. அந்த மாற்றத்தை இனி பிழை என்று சொல்ல மாட்டேன். எனினும் இறுதிச் சடங்கை நீக்கியதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் மந்திரக்கோல்களை உயர்த்தி, வானில் தெரியும் மரணக்குறியை ஒளியால் கலைப்பது உள்ளத்தைத் தொடும் காட்சிதான். ஆனால் நாவலின் சடங்கில் நீர்வாழ் மக்களும் பாதி மனிதரும் பாதி குதிரையுமான சென்டார்களும் மந்திர அமைச்சக அதிகாரிகளும் சாதாரணக் கடைக்காரர்களும் ஒரே இடத்தில் கூடி நிற்கிறார்கள். அவருடைய மரணத்தால் எத்தனை வகையான உயிர்கள் காவலின்றிப் போயின என்பதை அந்தக் கூட்டம்தான் சொல்கிறது. பள்ளி முற்றத்துக்குள் மட்டும் நிகழும் துக்கம் அதைச் சொல்லவில்லை.