நீந்திப் போனாலே பிழைத்துவிட்டது என்று அர்த்தமா?

தக்கை:
சாப்பிட இல்லை, விளையாட்டுக்குத்தான் தூண்டில் போடுகிறோம். பிடித்ததை அப்படியே விட்டும் விடுகிறோம். மீனும் வாலை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பிறகும் கொடுமை என்கிறார்கள், சில நாடுகளில் சட்டமே தடுக்கிறதாம். ஏன்?

ஈரக்கை:
வாலை அடித்துப் போவது எதற்கும் சாட்சி இல்லை. சாவு பல மணி நேரம் கழித்தும் வரும். தூண்டில் முள்ளோடு மல்லுக்கட்டிய மீனின் தசையில் லாக்டிக் அமிலம் ஏறியிருக்கும், மூச்சுக்குத் தவிக்கும். அந்த நேரம் பார்த்துப் போட்டோவுக்குத் தூக்குகிறோம்! காற்றில் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1992இல் வந்த ஒரு ஆய்வில், களைக்கும்வரை விரட்டிய ரெயின்போ ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன்களில் தண்ணீரிலேயே இருந்தவை 12 சதவீதம் செத்தன. 30 விநாடி காற்றில் இருந்தவை 38, 60 விநாடி இருந்தவை 72. (ரத்தம் எடுக்கக் குழாய் பொருத்திய மீன்கள் அவை, களத்தில் இவ்வளவு இருக்காது என்பாரும் உண்டு.)

மெல்லிய தங்கூசில் (தூண்டில் நரம்பில்) அரைமணி ஆட்டம் காட்டுவது திறமையே இல்லை. தடித்த நரம்பு போட்டுச் சீக்கிரம் இழுங்கள், தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். காய்ந்த கையும் முடிச்சு வலையும் உடம்பின் வழவழப்பை உரித்துவிடும், அப்புறம் பூஞ்சை. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட்டுக்குத் தூண்டிலே போடாதீர்கள்.

நடுநீர்:
முள் எங்கே ஏறியது என்பதுதான் முக்கால்வாசிக் கணக்கு. இயற்கை இரை என்றால் சர்க்கிள் ஹூக், அதாவது நுனி உள்நோக்கி வளைந்த முள். பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். ஆனால் கடித்ததும் வெடுக்கென்று சுண்டக்கூடாது, கோலில் உள்ள சுருளைச் சுழற்றி நரம்பை இறுக்கினால் போதும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டிய எதிர்முள்ளைக் கொறடால் நசுக்கிவிடுங்கள். விழுங்கியிருந்தால் பிடுங்காமல் வாய்க்குள் நரம்பை ஒட்ட வெட்டுங்கள்.

ஆழத்து மீன் வேறு கதை. 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் காற்றுப்பையின் வாயு இரட்டிப்பாகும். வயிறு உப்பி, கண் பிதுங்கி மிதக்கும். எடை கட்டிய இறக்கு கருவியால் ஆழத்துக்கே அனுப்பலாம். அது கையில் இல்லாதவர் அங்கே போய் 'விடுகிறேன்' என்பது வெறும் பேச்சு.

மறுகரை:
இதெல்லாம் எப்படி விடுவது என்பதற்குப் பதில். கேட்டது ஏன் கொடுமை என்கிறார்கள் என்று. 2003இல் மீன்களின் வலியை ஆராயும் லின் ஸ்னெடனின் குழு ட்ரவுட்டின் தலையில் வலியுணர் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டியது. உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்கள் வாயைச் சரளையில் தேய்த்தன. அது நமக்குத் தெரிந்த வலிதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஜெர்மன் சட்டம் நியாயமான காரணமின்றி விலங்கைத் துன்புறுத்தாதே என்கிறது. சுவிட்சர்லாந்தின் 2008 விதி, விடும் எண்ணத்தோடு பிடிக்கப் போவதையே தடுக்கிறது. அளவு குறைந்ததை விடுவது வேறு. அது இனத்தைக் காக்க. செவுளில் ரத்தம் கொட்டும் மீனை, வைத்துக்கொள்ள விதி அனுமதித்தும், 'நான் விடுகிறவன்' என்று தண்ணீரில் போடுவது நம் மனச்சாந்திக்கு மட்டும்.

தக்கை:
சோர்ந்த மீனை முன்னும் பின்னும் ஆட்டினால் தெளியும் என்கிறார்களே?

ஈரக்கை:
பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளில் எதிர்த்திசையில் பாயும். ஆட்டாதீர்கள். தலையை நீரோட்டத்துக்கு எதிரே நிமிர்த்திப் பிடியுங்கள். தானாகக் கையை உதறும்வரை.