கச்சான் காற்றும் சப்பி நெல்லும்

படுவான்கரையிலிருந்து:

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்து நீரில் எனக்கு மூன்று ஏக்கர் நெற்செய்கை. போன சிறுபோகத்தில், அதாவது வெயில்காலச் செய்கையில், விதைப்பு இரண்டு கிழமை பிந்திவிட்டது. பயிர் கருகருவென்று தழைத்து நின்றது. வரம்பால் போனவர்கள் எல்லாம் "இந்த முறை நல்லா விளையும்" என்றார்கள், நானும் நம்பினேன். சரியாகப் பூக்கிற கிழமையில் கச்சான் என்கிற சூடான வறண்ட காற்று தொடங்கியது. காலை பத்து மணிக்கே வரம்பில் வெட்டிய வக்கடைத் தண்ணீர் காலைச் சுட்டது.

வெட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு கதிரைப் பிடுங்கி, நெல் நெல்லாக நசுக்கிப் பார்த்தேன். உமிக்குள் ஒன்றும் இல்லை, எல்லாம் சப்பி. முற்றிய கதிர் தலை சாய்ந்திருக்க வேண்டும், இது நேரே நின்றது. வழக்கமாக வரும் மூடையில் பாதிதான் வந்தது. நோயென்று நினைத்து மருந்துக்குக் கொட்டிய காசும் போய்விட்டது. நெற்பூ காலையில் ஒரு மணித்தியாலமளவுதான் திறந்திருக்குமாம். அந்நேரம் சூடு 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காது. இதெல்லாம் அப்புறம்தான் விளங்கியது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து, பள்ளி ஆசிரியர்:

அண்ணே, தழைப்பை நம்பக் கூடாது. முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு (கரியமில வாயு) இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நெல்லுக்கு அது சாப்பாடுதான், இலையும் மட்டமும் (அடியில் வெடிக்கும் பக்கக் கிளைகள்) கூடும். ஆனால் பூ சூட்டில் கருகினால் அந்தத் தழைப்பால் என்ன பயன்? இன்னொன்றும் இருக்கிறது. யப்பானிலும் சீனாவிலும் வயலிலேயே இந்த வாயுவைக் கூட்டி 18 நெல்லினங்களை வளர்த்துப் பார்த்தார்கள். அரிசியில் புரதம், இரும்பு, நாகம் (துத்தநாகம்) எல்லாம் குறைந்திருந்தன. 2018இல் அந்த முடிவு வெளியானது. சோறே பிரதான சாப்பாடாக இருக்கும் நம் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இதுதான் பெரிய கவலை.

அக்கரைப்பற்றிலிருந்து:

எங்களுக்கு மழைதான் எதிரி. 2011 தை மாத வெள்ளத்தில் விளைந்த கதிர் நாட்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தது. வெயில் எறித்தபோது போய்ப் பார்த்தால் கதிரிலேயே முளை விட்டிருந்தது. வாப்பா ஒரு கதிரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வரம்பிலேயே இருந்தார்.

படுவான்கரையிலிருந்து:

தம்பி, வாசிக்கவே மனம் கனக்கிறது. நான் இம்முறை குளம் திறந்த கையோடு மூன்று மாத நெல்லை விதைத்துவிட்டேன். பூக்கிற கிழமையில் வயல் காயாமல் தண்ணீர் கட்டி வைக்கப் போகிறேன், கொஞ்சமாவது சூடு தணியும். வாய்க்கால் கடைசியில் உள்ளவருக்கும் தண்ணீர் போக வேண்டும் என்பதால், இரவில் முறை வைத்துப் பாய்ச்சப் பேசியிருக்கிறோம்.