விலாவில் செம்மை, வயிற்றில் வெள்ளை: நான் பார்த்த இரண்டு சோலைச்சிட்டுகள்

முதலில் பார்த்தது கோத்தகிரி லாங்வுட் சோலையில். மே மாதம், விடிந்தும் விடியாத நேரம். அந்த இருட்டுக்குக் கண் பழகவே பத்து நிமிடம் ஆனது. ஈரச் சருகில் ஏதோ தத்தியது. நீண்ட கால்கள், கருநீல முதுகு, விலாவில் செங்கல் நிறம். சருகை இரண்டு முறை புரட்டிவிட்டு ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு குறிஞ்சிப் புதருக்குள் போய்விட்டது. நீலகிரி சோலைச்சிட்டு! அப்புறம்தான் பாட்டு வந்தது. மெல்லிய விசில், நடுநடுவே கரகரப்பு. அரை மணி நேரம் அசையாமல் நின்று கேட்டேன்.

அடுத்த வருடம் கொடைக்கானல் பாம்பே சோலை ஓரத்தில் அதே தத்தல், அதே நீலம். ஆனால் விலாவில் செம்மை இல்லை, வயிறு நல்ல வெள்ளை. இது வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு.

இரண்டுக்கும் நடுவே இருப்பது பாலக்காட்டுக் கணவாய். நாம் ரயிலில் சட்டென்று கடந்துவிடுகிறோம். குளிர்ந்த மலைச்சோலையை விட்டு வெளியே வராத பறவைக்கு அந்த வெக்கை நிலம் கடல் மாதிரி. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று எனப் பிரிந்தே வாழ்ந்திருக்கின்றன. மரபணு ஆய்வுக்குப் பிறகு 2017இல் இவற்றுக்கு 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினம் கிடைத்தது. நம் 'சோலை' அந்தப் பெயருக்குள் இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எந்த உயிரினம் எவ்வளவு அழிவு அபாயத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஐயூசிஎன் செம்பட்டியலில் நீலகிரிப் பறவை 'அருகிய இனம்' என்றும், வெண்வயிற்றுப் பறவை அதற்கு ஒரு படி கீழே 'அழிவாய்ப்புள்ள இனம்' என்றும் சேர்க்கப்பட்டன. ஆனால் இரண்டு மலைகளிலும் நான் பார்த்த காட்சி ஒன்றுதான்: தேயிலை, யூகலிப்டஸ், சீகை மரங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக மிஞ்சிய சோலை. ஒரு திட்டு போனால் அங்கிருந்த பறவைக்கு ஒதுங்க வேறு இடம் பக்கத்தில் இருக்காது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கொடைக்கானலில் படம் எடுக்க வந்த ஒருவர் போனில் வெண்வயிற்றுச் சோலைச்சிட்டின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். தன் இடத்துக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்து அங்கிருந்த பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுக் கிளை கிளையாகத் தாவித் தேடியது. கூடு கட்டும் பருவம் அது. அவரிடம் போய் நிறுத்தச் சொன்னேன், நிறுத்திவிட்டார். அது மறுபடி தரையில் இறங்கிச் சருகைப் புரட்ட இருபது நிமிடம் ஆனது.