டிஎஸ்ஜி-யில் உப்புத்தன்மை திடீரென இறங்குகிறது: ஆற்று நீரா, காற்றுக் குமிழியா?

நீரோட்டம்:
வங்காள விரிகுடாவில் ஓடும் கப்பல், எஸ்பிஇ 45 தெர்மோசலைனோகிராஃப் (டிஎஸ்ஜி: கப்பல் ஓடும்போதே கடல்நீரை உள்ளே இழுத்து வெப்பநிலையும் உப்புத்தன்மையும் அளக்கும் கருவி). அலை கூடினால் உப்புத்தன்மை 33.2-லிருந்து 32.5-க்கு விழுந்து, சில நொடிகளில் பழைய அளவுக்கே திரும்புகிறது. ஆற்று நீர்த் திட்டுகளா? இன்னொன்று: நீர் உள்ளே வரும் வாயிலில் உள்ள எஸ்பிஇ 38 வெப்பமானி காட்டுவது 28.0°, கருவிக்குள் 28.6°. உப்புத்தன்மைக்கு எதை எடுப்பது?

டெக்லேப்:
கருவிக்குள் உள்ளதைத்தான். உப்புத்தன்மை மின்கடத்துதிறனிலிருந்து கணக்கிடப்படுவது; அதை எந்த நீரில் அளந்தீர்களோ அதே நீரின் வெப்பநிலை வேண்டும். 28.0 போட்டால் உப்புத்தன்மை சுமார் 0.4 கூடுதலாக வரும். வாயில் வெப்பநிலை கடல்பரப்பு வெப்பநிலைக்கு மட்டும். குழாய் வழியில் நீர் சூடாவது சகஜம்தான். ஆனால் அந்த 0.6° வித்தியாசம் நாளுக்கு நாள் ஏறினால் நீர் வரத்து குறைகிறது, வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள்.

அலைமேடை:
குமிழிதான். 10 நாட் (கடல் மைல்/மணி) வேகத்தில் மூன்று நொடி என்றால் 15 மீட்டர். அவ்வளவு சின்னத் திட்டு அடுத்தடுத்து வந்து, ஒவ்வொரு முறையும் அதே 33.2-க்குத் திரும்பாது. குமிழி அளவீட்டைக் கீழே மட்டுமே இழுக்கும், மேலே தள்ளாது. அப்போது வெப்பநிலைக் கோடு அசையாமல் இருக்கும்.

டீபப்ளரின் (நீரிலிருந்து குமிழியைப் பிரிக்கும் அமைப்பு) மேல் வென்ட் குழாயில் நீர் இடைவிடாமல் வெளியேறுகிறதா பாருங்கள். அது அடைத்தாலோ மூடியிருந்தாலோ டீபப்ளர் இருந்தும் பயனில்லை. கருவியின் வெளியேற்றத்தில் ஒரு லிட்டர் ஜாடியை வையுங்கள்: 40 முதல் 60 நொடிக்குள் நிரம்பினால் சரி. 100 நொடி தாண்டினால் குறைந்தபட்ச ஓட்டமான நிமிடத்துக்கு 0.6 லிட்டர்கூட இல்லை.

பதிவான தரவுக்கு ஒரு நிமிட இடைநிலை அளவு (மீடியன்) எடுங்கள், சராசரி வேண்டாம். பிழை ஒரே பக்கம் சாய்வதால் சராசரியும் கூடவே இறங்கிவிடும்.

உவர்நீர்:
மெதுவாக இறங்கும் பிழை வேறு வகை: செல்லுக்குள் (மின்கடத்துதிறனை அளக்கும் குழாய்) பாசி படிவது. அது வரைபடத்தில் கண்ணுக்கே தெரியாது, பாட்டிலில் பிடித்துத் தனியே அளக்கும் நீர் மாதிரிதான் காட்டிக்கொடுக்கும். தினம் ஒன்றிரண்டு, கருவியின் வெளியேற்றக் குழாயிலிருந்தே. 200 மி.லி. கண்ணாடி பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, தோள் வரை நிரப்பி, கழுத்தைத் துடைத்து மூடுங்கள். யுடிசி (உலகப் பொது) நேரம் நொடியோடு எழுதுங்கள். உப்புத்தன்மை வேகமாக மாறும் இடத்தில் எடுத்த மாதிரி ஒப்பிட உதவாது.

செல்லை நீர்த்த ப்ளீச்சால் (500–1000 பிபிஎம்) அலசி நன்னீர் ஓட விடுங்கள். பிரஷ் உள்ளே போகவே கூடாது, மின்முனையின் பிளாட்டினப் பூச்சு உரிந்துவிடும். துறைமுகம் நெருங்குமுன் பம்பை நிறுத்துங்கள். ஹூக்ளி ஆற்று வண்டல் புகுந்தால் அடுத்த பயணம் முழுக்க அவதி.