மறு: ‘டச் சென்சிடிவிட்டி’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். டிஜிட்டல் பியானோவின் கட்டையை (கீ) வாசிக்கும் விதத்துக்கேற்ப ஒலி உரக்கவோ மெல்லவோ வருவதைத்தான் ‘டச் சென்சிடிவிட்டி’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘தொடு உணர்திறன்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா, சிக்கலே அங்கேதான். தொடுதிரை வந்தபிறகு ‘தொடு’ என்றாலே விரல் பட்டால் போதும் என்றாகிவிட்டது. டிஜிட்டல் பியானோவில் விரல் பட்டால் ஒன்றும் நடக்காது.

> அப்படியானால் ‘அழுத்த உணர்வு’?

இதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன். வீட்டில் ஒரு டிஜிட்டல் பியானோவை வைத்துக்கொண்டு, எல்லாரும் தூங்கியபின் ஹெட்போன் மாட்டிப் பழகுகிறவன் நான். ‘அழுத்தினால் சத்தம் கூடும்’ என்று முதல் நாளே மனத்தில் பதிந்துவிட்டது. உரக்க ஒலிக்கவேண்டிய இடத்தில், கட்டை அடிவரை போனபிறகும் போட்டு அமுக்குவேன். மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம். ஒலி இம்மியும் கூடவில்லை.

பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒன்றையடுத்து ஒன்று மூடுகிற இரண்டு மின் தொடுமுனைகள் (சுவிட்ச் போன்றவை) இருக்கின்றன. முதலாவது மூடியதற்கும் அடுத்தது மூடியதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத்தான் கருவி அளக்கிறது. நேரம் குறையக் குறைய ஒலி உரக்கும். இதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கிச் சொல்வது 1983இல் வந்த மிடி (மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்) நெறிமுறை. அங்கேயும் அதற்குப் பெயர் ‘வெலாசிட்டி’, அதாவது வேகம்தான். கம்பி கட்டிய பியானோவிலும் கதை இதே. கம்பியில் மோதுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அதன்பின் நாம் என்ன அமுக்கினாலும் அதற்குத் தெரியாது. (அமுக்க அமுக்கச் சுருதி நெளிவது கிளாவிகார்ட் என்ற பழைய கட்டைக் கருவியில். அதை வீட்டில் வைத்திருப்பவர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் பொறாமையோடு வணங்குகிறேன்.)

தவிர, சில சிந்தசைசர்களில் கட்டை அடிமட்டத்துக்குப் போனபிறகு மேலும் அமுக்கினால் ஒலி மாறும். ‘ஆஃப்டர்டச்’ என்பார்கள். அங்கே அளப்பது உண்மையிலேயே அழுத்தம். ‘அழுத்த உணர்வை’ இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு எதை வைப்பது?

என் பரிந்துரை: ‘விரல்வேக உணர்வு’.

> ‘கீ’க்கு ‘விசை’ என்ற சொல் இருக்க ஏன் ‘கட்டை’?

‘கட்டையின் மேல் செலுத்தும் விசை அல்ல, கட்டையின் வேகம்’ என்று எழுதலாம். ‘விசையின் மேல் செலுத்தும் விசை அல்ல, விசையின் வேகம்’ என்று எழுதிப் பாருங்கள்! ஆர்மோனியம் வாசிப்பவர்கள் புழங்கும் சொல் கட்டை. ‘ஐந்து கட்டை’ என்றால் சுருதியையும் குறிக்குமே என்பீர்கள். எண் முன்னால் வந்தால்தான் அந்தப் பொருள்.

——

> எண் முன்னால் வந்தால்தான் அந்தப் பொருள்.

‘88 கட்டைப் பியானோ’வில் எண் முன்னால் வந்துவிட்டதே ஐயா! 88 கட்டையில் பாட யாரால் முடியும்? :-)

அழுத்தத்தை விலக்கியது சரி. ஆனால் வேகம் விரலுடையதா, கட்டையுடையதா? விரல் உயரத்திலிருந்து விருட்டென்று வந்து, கட்டையைத் தொட்டபின் மெல்ல இறக்கினால் ஒலி மெல்லியதுதான். கருவிக்கு விரலைத் தெரியாது. ‘கட்டைவேகம்’ என்று வைத்தாலோ, கட்டைவிரலின் வேகம் என்று படிப்பார்கள். அளப்பது கட்டை இறங்கும் வேகம். ‘இறங்குவேகம்’ போதாதா? ‘உணர்வு’ மனிதர்களுக்கே இருக்கட்டும். கருவிக்கு ‘உணர்திறன்’.

இன்னொன்று: டச் சென்சிடிவிட்டியைக் கூட்டிக் குறைக்கக் கருவியின் அமைப்புப் பட்டியலில் (செட்டிங்ஸ்) வரும் ‘லைட்’, ‘ஹெவி’யை எடை என்று எழுதிவிடாதீர்கள். அவற்றை மாற்றினால் கட்டை கனக்காது. ‘ஹெவி’யில் அதே ஒலியளவுக்கு இன்னும் வேகமாக இறக்கவேண்டும், அவ்வளவே.

——

88 கட்டைக்குத் தோற்றேன். ‘88 கட்டைகள்’ என்று பன்மையில் எழுதித் தப்பித்துக்கொள்கிறேன். ‘ஐந்து கட்டைகள் சுருதி’ என்று யாரும் சொல்வதில்லை.

‘இறங்குவேகம்’ பற்றி ஓர் ஐயம் இருந்தது. இசையில் வேகம் என்றால் பாட்டின் ஓட்டம்தானே முதலில் நினைவுக்கு வரும்? என்னிடம் பியானோ பழகும் சிறுமியிடம், ‘இறங்குவேகம் குறைந்தால் ஒலி குறையும்’ என்று படித்துக் காட்டினேன். எதிர்பார்த்த கேள்வி வந்தது: “அப்போ மெதுவான பாட்டை எல்லாம் சத்தமில்லாமதான் வாசிக்கணுமா?”

“பாட்டு இல்லம்மா, கட்டை. ஒரே ஒரு கட்டையை ரொம்ப ரொம்ப மெதுவா இறக்கிப் பாரு” என்றேன். நாக்கைத் துருத்திக்கொண்டு இறக்கினாள். அடிவரை போய்விட்டது, ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டாவது கட்டைக்குப் போனாள், மூன்றாவதுக்குப் போனாள். அன்றைய பாடம் அத்தோடு போயிற்று.

‘இறங்குவேக உணர்திறன்’ என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள். ‘சஸ்டெய்ன் பெடலுக்கு’ (ஒலியை நீட்டிக்கும் மிதிக்கு) என்ன பெயர் என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.