கேனான் ஏ70: வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

தொடக்கப் பதிவு

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது மறுபடியும் கிராக்கி. "3.2 மெகாபிக்சல்தானா" என்று ஒதுக்குகிறவர்களும், "சிசிடி (அந்தக் காலக் கேமராக்களில் ஒளியைப் படமாக்கும் சென்சார்) கலரே தனி" என்று மாதிரிப் படத்தைப் பார்த்ததும் பணத்தை நீட்டுகிறவர்களும் செய்கிற தவறு ஒன்றுதான். இருபது வயது தாண்டிய பொருளை அதன் பெட்டியில் அச்சடித்ததை வைத்து எடைபோடுகிறார்கள். கையில் இருக்கும் அந்த ஒரு கேமரா எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கேனான் பவர்ஷாட் ஏ70-ஐ எடுத்துக்கொள்வோம். 2003-ல் வந்தது. 2048 × 1536 படம், பிலிம் கேமரா கணக்கில் 35–105 மி.மீ.க்குச் சமமான 3 மடங்கு ஜூம், நாலு ஏஏ பேட்டரி, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. லென்ஸ் திறப்பையும் ஷட்டர் வேகத்தையும் நாமே வைக்கலாம். 15 நொடியிலிருந்து 1/2000 வரை போகும். ஒளிப்படம் பழக ஒரு சின்னக் கேமரா வேண்டும் என்று கேட்கிறவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன், சென்சார் உயிரோடு இருந்தால்.

அதனால் முதல் சோதனை சென்சாருக்கு. 2002 அக்டோபர் முதல் 2004 மார்ச் வரை சோனி தயாரித்த சிசிடிகள் சிலவற்றில் ஒரு குறை இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் மெல்லிய இணைப்புக் கம்பி விட்டுப்போகும். 2005-ல் கேனான் உட்படப் பல நிறுவனங்கள் இதை அறிவித்து இலவசமாகச் சரிசெய்து தந்தன. ஏ60, ஏ70, ஏ75 மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தச் சலுகை எப்போதோ முடிந்துவிட்டது. வெப்பம், புழுக்கம் இரண்டும் நம் கடலோர ஊர்களில் வருடம் முழுக்க இருப்பதால் இங்கே கிடக்கும் கேமராக்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? படம் எடுக்கும் நிலையில் வைத்துப் பின்திரையைப் பாருங்கள். காட்சி ஊதாவாக ஏறியிருந்தாலோ, கோடுகோடாகக் கலைந்திருந்தாலோ, முழுக்கக் கறுத்திருந்தாலோ, உடனே பழைய படங்களைப் பார்க்கும் நிலைக்கு மாற்றுங்கள். அங்கே மெனுவும் படங்களும் தெளிவாக இருந்தால் திரையில் கோளாறு இல்லை, சிசிடிதான் போயிருக்கிறது. சிலது குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடி, சூடேறிய பிறகு கலையும். எனவே தானாக அணைவதை மெனுவில் நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் அப்படியே ஓட விடுங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினாலும் இந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மறுமொழி 1

கறுப்புத் திரை எல்லாமே சிசிடி இல்லைங்க. ஷட்டர் இதழ் மூடியபடி ஒட்டிக்கொண்டாலும் கறுப்பாகத்தான் தெரியும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே திறப்பு தெரிகிறதா, தகடு மறைத்து நிற்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். மறைத்து நின்றால் ஷட்டர் கோளாறு.

இதற்கு நேர்மாறாக, நல்ல கேமராவைக் கெட்டது என்று திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. டியூப்லைட்டையோ சூரியனையோ நோக்கிப் பிடித்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு ஓடும். அது சிசிடியின் இயல்பு. அளவுக்கு மீறிய ஒளி, மின்னேற்றத்தை வெளியே நகர்த்தும் செங்குத்துப் பாதைக்குள் கசிந்து, அந்த நெடுவரிசை முழுக்கப் படர்கிறது. நிழற்படம் எடுக்கும்போது இயந்திர ஷட்டர் மூடிக்கொள்வதால் பெரும்பாலும் படத்தில் அது வராது. வீடியோவில் வரும்.

மறுமொழி 2

பேட்டரிக் கூட்டைத் திறந்து மோந்து பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம். ஆல்கலைன் பேட்டரியை உள்ளேயே போட்டு வருடக்கணக்கில் வைத்திருந்தால் ஒழுகி, முனைகளில் வெள்ளைப் பொடியும் பச்சைக் களிம்பும் பூத்திருக்கும். "புது பேட்டரி போட்டாலும் லோ பேட்டரி காட்டுது" என்கிற புகாரில் பெரும்பகுதி இந்தக் களிம்புதான். ஃபிளாஷ் சார்ஜ் ஆகும்போதோ ஜூம் மோட்டார் ஓடும்போதோ ஒரு ஆம்பியர் அளவில் மின்சாரம் இழுக்கிறது என்று வையுங்கள். முனையில் 0.3 ஓம் தடை இருந்தாலே 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கேமரா நினைத்துக்கொள்ளும்.

ஒழுகியது காரம், அதனால் அமிலம் வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டு, பிழிந்து, தேய்க்கவும். சொட்டவிடக் கூடாது. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஒரு மணி நேரம் காயவிடுங்கள். முனையின் பூச்சே அரித்துப் போயிருந்தால் துடைத்தும் பயனில்லை. மூடியின் கொக்கியையும் பாருங்கள். நாலு பேட்டரியை அழுத்திப் பிடிப்பது அந்தச் சின்னப் பிளாஸ்டிக்தான். அது உடைந்தால் ரப்பர் பேண்ட் போட்டுக் காலம் தள்ள வேண்டிவரும்.

சோதனைக்கு ஆல்கலைன் வேண்டாம். புதிதில் 1.5 வோல்ட் காட்டினாலும் உள்தடை அதிகம் என்பதால் கனமாக இழுக்கும்போது சரிந்துவிடும். மறுபடி சார்ஜ் செய்யும் 1.2 வோல்ட் என்ஐஎம்ஹெச் பேட்டரி குறைவாகத் தோன்றினாலும் அந்த மட்டத்திலேயே நிலைத்து நிற்கும். எனலூப் மாதிரி, சும்மா வைத்தாலும் சீக்கிரம் இறங்காத வகையில் 2000 எம்ஏஹெச் நாலு போதும்.

மறுமொழி 3

லென்ஸ். ஏ70 என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது திரையில் வரும் "இ18". லென்ஸ் குழல் பாதி வெளியே வந்து சிக்கிக்கொள்ளும், பீப் சத்தம் வரும், அணைந்துவிடும். குழலுக்கும் வளையத்துக்கும் நடுவில் மணல் போயிருக்கலாம், கீழே விழுந்து குழல் கோணியிருக்கலாம், பல்சக்கரம் வழுக்கியிருக்கலாம். நடுவழியில் பேட்டரி இறங்கினாலும் இதே கதிதான், அதனால் முதலில் முழு சார்ஜ் உள்ள நாலு பேட்டரி போட்டுப் பாருங்கள். அடுத்து, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி பிடித்து, குழலின் விளிம்பைச் சுற்றி ரப்பர் ஊதியால் ஊதிக்கொண்டே அணைத்து அணைத்துப் போடுங்கள். மணல் என்றால் பெரும்பாலும் இதிலேயே விழுந்துவிடும்.

கையால் இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல், ஒன்று முறிந்தாலும் முடிந்தது கதை. திருகைக் கழற்றித் திறப்பதும் வேண்டாம். ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் நிற்கும், பேட்டரியை எடுத்த பிறகும் நிற்கும்.

வேலை செய்கிற லென்ஸையும் காது கொடுத்துக் கேளுங்கள். அணைத்துப் போட்டு ஐந்தாறு தடவை பாருங்கள். ஒரே சீரான ஒலி வர வேண்டும். நறநறப்பு கேட்டாலோ, ஒரு இடத்தில் தயங்கிப் பிறகு நகர்ந்தாலோ, இ18 வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மறுமொழி 4

கார்டுக் கூட்டை எல்லோரும் மறக்கிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் உள்ளே 50 ஊசிகள் இரண்டு வரிசையாகத் தெரியும். ஒன்று சாய்ந்திருந்தாலும் கார்டை அழுத்திச் செருகாதீர்கள். லேசான சாய்வு என்றால் எழுதும் கரிக்குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஊசியின் மேல் மாட்டி மெல்ல நிமிர்த்தலாம்.

கார்டு 2 ஜிபிக்கு மேல் வேண்டாம். உயர்ந்த தரத்தில் ஒரு படம் ஏறக்குறைய 1.6 எம்பி, ஆயிரம் படங்களுக்கு மேல் கொள்ளும். எஸ்டி கார்டு போடும் அடாப்டர் வாங்கினால் தடிமனைக் கேளுங்கள். இந்தக் கேமராவுக்கு 3.3 மி.மீ. வகைதான் போகும், 5 மி.மீ. வகை போகாது.

கேள்வி

இவ்வளவும் சரியாக இருக்கு. படம் எப்படி வரும்னு எதை வச்சு முடிவு பண்றது? மரம், பூ எடுத்துப் பார்த்தா எல்லாமே நல்லாத்தான் தெரியுது.

மறுமொழி 5

பூவை எடுத்தால் எந்தக் கேமராவும் தேர்ச்சி பெற்றுவிடும் தம்பி. செய்தித்தாளின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை மேசையில் நேராக வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 50, 2 நொடி டைமர். லென்ஸ் திறப்பை எஃப்/2.8, எஃப்/4, எஃப்/8 என்று மாற்றி மூன்று படம் (எண் கூடக்கூடத் திறப்பு சிறுக்கும்). கணினியில் 100 சதவீதத்தில் நாலு மூலையையும் படியுங்கள். நாலும் ஒரே அளவு மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கரைந்து, எதிர் மூலை கூர்மையாக இருந்தால் லென்ஸ் அச்சு விலகியிருக்கிறது, எங்கோ விழுந்திருக்கலாம்.

எஃப்/8-ல் படம் எஃப்/4-ஐவிட மென்மையாக இருந்தால் பயப்பட வேண்டாம். இந்தச் சென்சாரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 2.6 மைக்ரான். எஃப்/8-ல் ஒளி வளைந்து பரவும் புள்ளியே பத்து மைக்ரானைத் தாண்டும், நாலு பிக்சல் அகலம். வழக்கமாக எஃப்/4 பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எஃப்/8-ல் வெறும் வெள்ளைச் சுவரை எடுத்தால் உள்ளே புகுந்த தூசி சாம்பல் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும், அதற்கு அந்தத் திறப்பு உதவும்.

அடுத்து தென்னங்கீற்று, பின்னால் வெளுத்த வானம், எஃப்/2.8. ஓலை நுனிகளில் ஊதா விளிம்பு வரும். அந்தக் காலத்துச் சின்னக் கேமராக்களில் அது சகஜம். இரண்டு மூன்று பிக்சலுக்குள் இருந்தால் ஏற்கலாம். வானம் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால் வெயிலில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்தே வையுங்கள். ஐஎஸ்ஓ 50-ம் 100-ம் சுத்தமாக இருக்கும், 200 பரவாயில்லை, 400 அவசரத்துக்கு மட்டும்.

கடைசியாக, லென்ஸை மூடி 1 நொடிக்கு ஒரு படம், 15 நொடிக்கு ஒரு படம். 1.3 நொடியும் அதற்கு மேலும் போனால் கேமரா தானாகவே ஷட்டரை மூடி இருட்டுப் படம் ஒன்று எடுத்து, அதில் விழும் புள்ளிகளை உங்கள் படத்திலிருந்து கழித்துவிடும். அதனால்தான் 15 நொடிப் படத்துக்கு இரட்டிப்பு நேரம் காத்திருக்கிறீர்கள். சென்சாரின் உண்மை நிலை அந்தக் கழித்தல் இல்லாத 1 நொடிப் படத்தில்தான் தெரியும். நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் சரி. தூவினாற்போல் இருந்தால் வேண்டாம்.

மறுமொழி 6

ஷட்டர் தாமதத்தையும், அதாவது பொத்தானை அழுத்தியதிலிருந்து படம் விழும் வரை ஆகும் நேரத்தையும், அளந்துவிடலாம். செல்போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, கேமராவை அதை நோக்கி வைத்து, 10 நொடி என்று தெரியும் கணத்தில் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். மறுபடி பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிட்டு, அதே கணத்தில் மீதியை அழுத்துங்கள். இரண்டு படத்திலும் பதிவான எண்களின் வித்தியாசம்தான் ஃபோகஸுக்குப் போகும் நேரம். ஓடும் குழந்தையை எடுக்க வேண்டுமானால் பாதி அழுத்திக் காத்திருப்பதுதான் வழி. ஐந்து புள்ளி ஃபோகஸை நிறுத்தி நடுப்புள்ளி மட்டும் வைத்தால், கேமரா பின்னால் இருக்கும் சுவரைப் பிடிக்காது.

கேள்வி

கணினியில் கேபிள் செருகினால் டிரைவ் எழுத்தே வரவில்லை. கேமரா பழுதா?

மறுமொழி 7

பழுது இல்லை. இது பென் டிரைவ் மாதிரி தன்னைக் காட்டிக்கொள்ளாது, படங்களை மட்டும் இறக்கும் முறையில்தான் பேசும். காம்பாக்ட் ஃபிளாஷ் ரீடர் ஒன்று வாங்கிவிடுங்கள். வேகமும் கூடும், பேட்டரியும் மிச்சம். அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்று: படம் 4:3, 4×6 தாள் 3:2. மேலும் கீழும் சேர்த்து ஏறக்குறைய 170 பிக்சல் வரிசை வெட்டுப்படும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டே எடுங்கள்.